சீசன் ஸ்பெஷல் வாங்கினால் நன்கொடை யார் கணக்கில்? துரித உணவகப் பலகையைப் படிக்க ஒரு கையேடு

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பர்கர்வில் என்று ஒரு பர்கர் கடை இருக்கிறது. ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களைத் தாண்டி அதற்குக் கிளை கிடையாது. 1961-ல் ஜார்ஜ் ப்ராப்ஸ்ட்ரா என்பவர் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் தொடங்கிய கடை இது. (கனடாவில் இருக்கும் பெரிய வான்கூவர் வேறு, இது வேறு.) கோடைத் தொடக்கத்தில் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக், கோடை நடுவில் வாலா வாலா வெங்காய வளையம், குளிர் வரும்போது ஹேசல்நட் மில்க்‌ஷேக் என்று அங்கே பலகை மாறிக்கொண்டே இருக்கும். நாடு முழுக்கக் கிளை பரப்பிய மெக்டொனால்ட்ஸிலும் இதே வழக்கம் உண்டு. மார்ச் மாதம் நெருங்கினால் அங்கே பச்சை நிற ஷாம்ராக் ஷேக் வந்துவிடும். இப்படிப்பட்ட ஸ்பெஷல்களுக்குப் பக்கத்தில் பல கடைகளில் ஒரு சுவரொட்டியும் தொங்கும். இதை வாங்கினால் இவ்வளவு பணம் குழந்தைகள் மருத்துவமனைக்கு, அல்லது உள்ளூர்ப் பள்ளிக்கு, அல்லது உணவு வங்கிக்கு என்று அதில் எழுதியிருப்பார்கள்.

சீசன் ஸ்பெஷலும் நன்கொடையும் ஏன் இப்படிச் சேர்ந்து வருகின்றன? நாம் கொடுக்கும் பணத்தில் எது நல்ல காரியத்துக்குப் போகிறது, எது போகவில்லை? இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஸ்பெஷல். சீசன் ஸ்பெஷல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சீசனை வயல் தீர்மானிக்கிறது, மற்றதில் நாட்காட்டி தீர்மானிக்கிறது.

வாலா வாலா வெங்காயம் முதல் வகை. வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய ஓரிகன் பகுதியிலும் உள்ள பள்ளத்தாக்கில் மட்டும் விளைவது. கோர்சிகா தீவிலிருந்து பீட்டர் பியெரி என்ற பிரெஞ்சு சிப்பாய் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் கொண்டுவந்த விதையிலிருந்து வந்த ரகம். 1995-ல் வந்த மத்திய அரசு ஆணைப்படி, அந்தப் பள்ளத்தாக்கில் விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். இந்த வெங்காயத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கந்தகம் குறைவு, அதனால் காரம் தெரிவதில்லை, இனிப்பு மேலே வந்து நிற்கிறது. தண்ணீர்ச் சத்தும் அதிகம். அதனால்தான் சாதாரண வெங்காயத்தைப் போல மாதக்கணக்கில் மூட்டையில் போட்டு வைக்க முடியாது, அழுகிவிடும். ஜூன் நடுவில் அறுவடை தொடங்கி ஆகஸ்டில் முடியும். கடைக்காரர் விரும்பினாலும் ஜனவரியில் புதிதாக அறுத்த வெங்காயத்தில் அந்த வளையத்தைப் பொரிக்க முடியாது.

ஓரிகனின் ஹுட் ஸ்ட்ராபெரி இன்னும் மோசம். உள்ளே வரை சிவந்து, கை பட்டாலே நசுங்கும் அளவுக்கு மென்மையான பழம். சீசன் ஜூனில் சில வாரங்கள்தான். லாரியில் ஏற்றி நாலு மாநிலம் தாண்டிக் கொண்டுபோக முடியாது. ஆகவே பறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விற்றாக வேண்டும். இங்கேதான் சிறிய, வட்டார அளவிலான கடைக்கு ஒரு பலம் கிடைக்கிறது. நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு பள்ளத்தாக்கின் விளைச்சல் எந்த மூலைக்கும் போதாது. சில டஜன் கிளை வைத்திருப்பவருக்குப் போதும். அவர் விவசாயியிடம் முன்கூட்டியே பேசி, இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்று உறுதி சொல்லலாம். அந்த உறுதியை நம்பி விவசாயியும் விதைக்கலாம். எனக்குப் பிடித்த ஸ்பெஷல் இந்த வகைதான். இது தீர்ந்துபோவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

இரண்டாவது வகைக்கு ஷாம்ராக் ஷேக் நல்ல உதாரணம். அயர்லாந்து மக்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள் மார்ச் 17. அதையொட்டி, கனெக்டிகட் மாநிலத்தில் மெக்டொனால்ட்ஸ் கிளை வைத்திருந்த ஹால் ரோசன் 1967-ல் பச்சை நிற ஷேக் ஒன்றைச் செய்தார். 1970-ல் அது மற்ற ஊர்களுக்கும் போனது. புதினாச் சுவை தரும் பச்சைப் பாகை ஆண்டு முழுக்கத் தயாரிக்கலாம், வயல் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. திருநாள் முடிந்தால் ஷேக்கும் போய்விடும், அவ்வளவுதான். 1981-ல் அறிமுகமான மெக்ரிப் என்ற பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் இதே ரகம். வருவதும் போவதுமாக இருந்து, 2005, 2006, 2007 என்று மூன்று வருடம் அடுத்தடுத்து 'பிரியாவிடைச் சுற்று' நடத்தி, அதற்குப் பிறகும் திரும்பி வந்த பண்டம் அது.

இரண்டாவது வகையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. திருநாளோடு சேர்ந்து வரும் உணவுக்கு ஒரு நியாயம் உண்டு. 1962-ல் ஒஹாயோவின் சின்சினாட்டியில் லூ க்ரோயன் என்ற மெக்டொனால்ட்ஸ் கிளை உரிமையாளருக்கு வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிடும். சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள், அன்று இறைச்சி தொட மாட்டார்கள். அவர் மீன் சாண்ட்விச் போடலாம் என்றார். தலைமையில் இருந்த ரே க்ராக்குக்கு வேறு யோசனை. பன்னுக்குள் அன்னாசித் துண்டும் சீஸும் வைத்த ஹூலா பர்கர்தான் போகும் என்று நம்பினார். புனித வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் 350, அன்னாசி 6 என்று க்ரோயன் பின்னாளில் சொன்னார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஃபிலே ஓ ஃபிஷ் அப்படி வந்தது. ஒரு தெருவில் இருப்பவர்களின் நோன்பைத் தெரிந்துவைத்திருந்த கடைக்காரர் உருவாக்கிய உணவு என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

அடுப்படிப் பக்கம் ஒரு விஷயம். ஸ்பெஷல் போடுவது சும்மா இல்லை. பலகையில் இடம் வேண்டும், பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கல்லா இயந்திரத்தில் புதுப் பொத்தான் சேர்க்க வேண்டும், சரக்கை மிஞ்சாமலும் பற்றாமலும் வாங்க வேண்டும். அதனால் பெரும்பாலான ஸ்பெஷல்கள் ஏற்கெனவே இருக்கும் சாதனத்தில் செய்யக்கூடியவையாகவே இருக்கும். வெங்காய வளையத்துக்கு உருளை வறுவல் போடும் எண்ணெய்ச் சட்டியே போதும். ஷேக்குக்கு அதே ஷேக் இயந்திரம், பாகு மட்டும் வேறு. புது அடுப்பு கேட்கும் ஸ்பெஷலை நீங்கள் அதிகம் பார்க்க முடியாது.

மேலே சொன்ன அந்தக் கல்லாப் பொத்தானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைக்கும் ஸ்பெஷலுக்கும் உள்ள உறவு அங்கேதான் இருக்கிறது. ஸ்பெஷலுக்குத் தனிப் பொத்தான், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் உண்டு. எத்தனை போயிற்று என்று கடைசியில் துல்லியமாக எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை சென்ட் என்று வாக்குக் கொடுக்க இதைவிட வசதியான பண்டம் மெனுவில் கிடையாது.

இதன் வலிமையைக் காட்டிய சம்பவம் 1974-ல் பிலடெல்பியாவில் நடந்தது. ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் ஃப்ரெட் ஹில்லின் சிறு மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் மகள் படுத்திருக்க, பெற்றோர் நடைபாதை நாற்காலிகளில் தூங்கினார்கள், தானியங்கி இயந்திரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். சுற்றிப் பார்த்தால் தூரத்து ஊர்களிலிருந்து வந்த மற்றப் பெற்றோருக்கும் அதே கதி. அதே நகரத்துக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி இவான்ஸ், மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அந்தக் குடும்பங்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்று அணியின் பொது மேலாளர் ஜிம் மரேயிடம் சொன்னார். மரே தனக்குத் தெரிந்த விளம்பர நிறுவனம் மூலம் மெக்டொனால்ட்ஸின் வட்டார மேலாளர் எட் ரென்ஸியைப் பிடித்தார். அந்த நேரத்தில் கடைகளில் அடுத்து வரவிருந்தது ஷாம்ராக் ஷேக். அந்த விற்பனைப் பணத்தைத் தருகிறோம், வீட்டுக்கு ரொனால்ட் மெக்டொனால்ட் வீடு என்று பெயர் வையுங்கள் என்று முடிவானது. 1974 அக்டோபரில் வீடு திறந்தது. இன்று அந்த அமைப்பு 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்களைத் தங்கவைக்கிறது.

நிறுவனத்தின் விளம்பரச் சின்னமான கோமாளியின் பெயர் அந்த வீட்டின் வாசலில் இருக்கிறது என்பது உண்மைதான். இதில் நிறுவனத்துக்கு லாபம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆனால் குழந்தையின் வார்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு படுக்கையும் சமையலறையும் கிடைத்த தாய்க்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. எவ்வளவு கொடுக்கிறோம் என்று கடை தெளிவாகச் சொல்கிறதா?

1983-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடன் அட்டை நிறுவனம் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க ஒரு திட்டம் போட்டது. அட்டையை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் 1 சென்ட், புதிதாக அட்டை வாங்கினால் 1 டாலர். சேர்ந்தது 17 லட்சம் டாலர். விற்பனையோடு நன்கொடையைக் கட்டும் முறைக்கு முன்மாதிரி என்று இதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அந்த வாக்கு எவ்வளவு எளிமையாக இருந்தது பாருங்கள். எதற்கு எவ்வளவு என்று சிறு பிள்ளைக்கும் புரியும்.

எல்லாச் சுவரொட்டியும் அப்படி இருப்பதில்லை. 'விற்பனையில் ஒரு பகுதி நன்கொடையாக வழங்கப்படும்' என்று மட்டும் சில சொல்லும். ஒரு பகுதி என்றால் பாதியும் இருக்கலாம், நூற்றில் ஒன்றும் இருக்கலாம். இன்னும் நுட்பமான வித்தியாசம் விற்பனைக்கும் லாபத்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஷேக் விலை 5 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'விற்பனையில் 10 சதவீதம்' என்றால் நன்கொடை 50 சென்ட். பொருள், கூலி, வாடகை எல்லாம் போக அந்த ஷேக்கில் கடைக்கு நிற்பது 30 சென்ட் என்றால், 'லாபத்தில் 10 சதவீதம்' என்பது வெறும் 3 சென்ட். பலகையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்தது உச்சவரம்பு. ஒரு பர்கருக்கு 25 சென்ட், அதிகபட்சம் 50,000 டாலர் என்று போட்டிருந்தால், 2,00,000 பர்கர் விற்றதும் வாக்கு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்குபவரின் பர்கரிலிருந்து ஒரு சென்ட் கூடப் போகாது, சுவரொட்டி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. நிறுவனம் ஒரு பெரிய தொகையை எப்படியும் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டு, அந்த ஸ்பெஷலை விளம்பரமாக மட்டும் வைத்திருக்கும். அப்போது நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த அமைப்புக்குப் போவது ஒரே தொகைதான். நல்ல காரியம்தான், ஆனால் உங்கள் ஷேக்கால் நடந்தது அல்ல.

அமெரிக்காவில் இந்த மாதிரி விற்பனைக்கென்றே சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் பல. மாசசூசெட்ஸ், அலபாமா போன்றவற்றில் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். கடைக்கும் தொண்டு அமைப்புக்கும் எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்கும் மாநிலங்களும் இருக்கின்றன. தொண்டு அமைப்புகளை மதிப்பிடும் பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ், இப்படிப்பட்ட விளம்பரத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்கிறது: விலையில் எவ்வளவு போகும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உச்சவரம்போ உறுதியளித்த குறைந்தபட்சத் தொகையோ இருந்தால் அது எவ்வளவு. கடையில் நின்று சுவரொட்டியைப் பார்க்கும் யாரும் இந்த மூன்றையும் அரை நிமிடத்தில் தேடிவிடலாம்.

தெளிவாகச் சொல்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். டெய்ரி குவீன் கடைகள் ஆண்டுக்கு ஒரு நாள் மிரக்கிள் ட்ரீட் டே நடத்துகின்றன. அன்று விற்கும் ஒவ்வொரு பிளிசர்ட் ஐஸ்கிரீமுக்கும் குறைந்தது 1 டாலர், அந்த வட்டாரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகும். கனடாவில் டிம் ஹார்ட்டன்ஸ் கடைகளில் ஸ்மைல் குக்கி என்று ஒன்று இருக்கிறது. பிஸ்கட் மேல் சிரிக்கும் முகம் வரைந்து ஒரு வாரம் விற்பார்கள். 1996-ல் ஹாமில்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்காகத் தொடங்கியது. அதில் கிடைக்கும் பணம் முழுவதும் தொண்டுக்குப் போகிறது, எந்த அமைப்புக்கு என்பதை அந்தந்தக் கிளை உரிமையாளரே தேர்ந்தெடுக்கிறார். தலைமையகம் ஒரே அமைப்பைச் சொல்லாமல் கிளைக்காரர் கையில் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் ஊரில் எந்தக் கூரை ஒழுகுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

வெண்டிஸ் கடைகளில் வேறு மாதிரி. நிறுவனர் டேவ் தாமஸ் சிறு வயதில் தத்தெடுக்கப்பட்டவர். காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளுக்குக் குடும்பம் தேடித்தர 1992-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதற்காக ஆண்டுக் கடைசியில் சில டாலர் விலையில் ஒரு சாவிக்கொத்து அட்டை விற்கிறார்கள். வாங்கியவர் அடுத்த ஆண்டு முழுக்க, ஏதாவது வாங்கும்போதெல்லாம் ஒரு சின்ன ஃப்ராஸ்டி இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். கடைக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருகிறார், அறக்கட்டளைக்குப் பணம் போகிறது, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நன்கு தெரிந்த வடிவம் நன்கொடை இரவு. குறிப்பிட்ட ஒரு நாள் மாலையில், பள்ளியின் இசைக்குழுவுக்காகவோ சுற்றுலாவுக்காகவோ, அந்தக் கிளையில் வரும் விற்பனையில் 10 முதல் 25 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும், பள்ளிக்குத் தருவார்கள். இங்கே நிறையப் பேர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். பெரும்பாலான கடைகளில் பணம் கட்டுவதற்கு முன் துண்டுச்சீட்டையோ போனில் உள்ள குறியீட்டையோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கல்லாவில் அது சாதாரண விற்பனையாகப் பதிவாகிவிடும், பள்ளிக்கு ஒன்றும் போகாது. டெலிவரி ஆப் மூலம் வரவழைத்தாலும் பல கடைகளில் கணக்கில் சேராது. பரிசு அட்டை வாங்கினாலும் அப்படித்தான். குறைந்தபட்ச விற்பனை வரம்பு வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அந்த வரம்பைத் தொடாவிட்டால் மொத்தமும் போச்சு. ஆகவே ஏற்பாடு செய்யும் பெற்றோர் சங்கத்தினர் அறிவிப்பு அனுப்பும்போது, இடம், நேரத்தோடு 'கவுண்டரில் முதலில் இதைக் காட்டுங்கள்' என்பதையும் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

அப்புறம், பில் போடும்போது 'சில்லறையை முழு டாலராக்கி மீதியை நன்கொடையாகக் கொடுக்கிறீர்களா?' என்று திரையில் கேட்பது. 7 டாலர் 62 சென்ட் பில் என்றால் 38 சென்ட் போகும். இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நாம் கொடுக்கும் சில்லறையை நிறுவனம் தன் நன்கொடையாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்கிறது என்பார்கள். அமெரிக்க வரிச் சட்டப்படி அந்தப் பணம் உங்கள் நன்கொடை. கடை அதை வாங்கிக் கடத்திவிடும் கைதான், தன் நன்கொடையாக அதற்கு வரிச்சலுகை கேட்க முடியாது. ரசீதை வைத்துக்கொண்டு, உரிய முறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால், நீங்கள்தான் சலுகை கேட்கலாம். ஆக, சில்லறை கொடுப்பதில் நன்கொடை முழுக்க உங்களுடையது, ஷேக்குக்கு இத்தனை சென்ட் என்பதில் கடையுடையது. சுவரொட்டி இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டி 'நாங்கள் கொடுத்தோம்' என்று சொன்னால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பணம் எந்த அமைப்புக்குப் போகிறதோ அதன் பெயரை வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் இணையப் பக்கத்தில் தேடலாம். வரிவிலக்குப் பெற்ற அமைப்பா என்று உடனே தெரிந்துவிடும். சுவரொட்டியில் 'குழந்தைகளுக்காக' என்று மட்டும் இருந்து அமைப்பின் பெயரே இல்லையென்றால், கேட்காமல் நம்ப வேண்டாம். கவுண்டரில் நிற்கும் இளைஞரிடம் பதில் இருக்காது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கிளை மேலாளரிடமோ தலைமையகத்தின் வாடிக்கையாளர் பிரிவிலோ கேளுங்கள். பதில் வரவில்லையா? ஷேக் பிடித்திருந்தால் ஷேக்கை வாங்குங்கள், கொடுக்க நினைத்ததை உங்களுக்குத் தெரிந்த உணவு வங்கிக்கு நேரே அனுப்புங்கள். முழுத் தொகையும் போய்ச் சேரும்.

பணம் சம்பந்தப்படாத நன்கொடை ஒன்றும் துரித உணவகங்களில் நடக்கிறது. விற்காமல் மிஞ்சிய உணவைக் கொடுப்பது. சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு வருமே என்ற பயத்தில் முன்பு பல கடைகள் நல்ல உணவையே குப்பையில் கொட்டின. 1996-ல் பில் எமர்சன் பெயரில் வந்த மத்திய சட்டம், நல்லெண்ணத்தோடு உணவைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பவர்களை அந்தப் பயத்திலிருந்து விடுவித்தது. கடும் அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இருந்தால்தான் பொறுப்பு வரும். பிட்சா ஹட், கே.எஃப்.சி. போன்றவை இதை முறையான திட்டமாகவே நடத்தியிருக்கின்றன. கடை மூடும் நேரத்தில் மிஞ்சிய கோழித் துண்டுகளைப் பைகளில் போட்டுத் தேதி எழுதி உறைபெட்டியில் வைப்பார்கள், பிறகு தொண்டு அமைப்பிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் ஊர்க் கிளை இதைச் செய்கிறதா என்பது பெரும்பாலும் எந்தச் சுவரொட்டியிலும் இருக்காது. மேலாளரிடம் கேட்டால்தான் தெரியும், கேட்பவர்கள் நாலு பேர் வந்தால் செய்யாத கிளையும் தொடங்கிவிட வாய்ப்பு உண்டு.